பெட்டிக்கு அடியில் சேலை

ரஞ்சன்காவ் ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் பிரேக் போட்டேன். பிக்கப் வண்டியின் பின்தட்டில் என் டூல் பாக்ஸ் நழுவி டமாரென்று மோதியது. அம்மாவுக்குப் பிடிக்காத சத்தம் அது.

என் சின்ன வயதில் நாங்கள் தாபோடியில் இருந்தபோது, ஃபிட்டரான அப்பா டெம்போவின் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்து போவார். அம்மா பழைய சேலையை நனைத்து மடித்துப் பெட்டிக்கு அடியில் வைப்பாள். ஈரத்துணி வண்டியின் தகரத் தளத்தைப் பிடித்துக்கொள்ளும்; பெட்டி நழுவாது. பிறகுதான் கயிறு.

அப்பா கூச்சப்படுவார். “எல்லாரும் சிரிக்கிறாங்கடி.”

“சிரிக்கட்டும். பெட்டி கால்ல இடிச்சா நீங்கதான நொண்டணும்?”

அப்பா இன்றும் நேராக நடக்கிறார்.

வண்டியை ஓரங்கட்டி, என் துப்பட்டாவைப் பாட்டில் தண்ணீரில் நனைத்தேன். பெட்டிக்கு அடியில் வைத்து, கயிற்றை இறுக்கினேன். அப்புறம் சத்தமே இல்லை.

வீட்டில் துப்பட்டா எங்கே என்று அம்மா கேட்பாள். சொன்னால், அப்பாதான் முதலில் சிரிப்பார்.