பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும்

காலை உணவு சமைக்க ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில்தான் முதலில் காதில் விழுந்தது. உடையார்பாளையத்தை அடுத்து, முந்திரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு அரசுப் பள்ளி உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் சூடாகச் சமைத்துப் போடும் பொறுப்பைக் குழுப் பெண்களிடமே விடப்போகிறார்கள் என்று சொல்லி, ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த தாளைக் குழுத் தலைவி வாசித்தார்.

உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். குழுவில் மூன்று வருடமாவது இருந்திருக்க வேண்டும். பத்தாவது படித்திருக்க வேண்டும். படம் எடுத்து அனுப்புகிற மாதிரி செல்போன் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நான் மனசுக்குள் தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் தலை நின்றுவிட்டது. சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும்.

என் மகள் அப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் இங்கிலீஷ் பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளி திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

கூட்டம் முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் உள்ளூர்ப் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்பு படித்தான். "புள்ளைய இங்க சேத்து வுடுடி. நாம ரெண்டு பேரும் சேந்து ஆக்குவோம். எனக்குத் தொணைக்கு வேற ஆளு வேணாம்."

எனக்கும் ஆசை வந்துவிட்டது. பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணம் ஆனவள் நான். ரேஷன் கார்டையும் குழு நோட்டையும் தவிர வேறெந்தப் பட்டியலிலும் என் பெயர் ஏறியதில்லை. என் கணவர் அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். போனில் கேட்டேன்.

"அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான இருக்கு அஞ்சாவது முடிக்க. அதுக்குப் போயி இவ்வளவு பாடா?" என்றார்.  பிறகு, "உன் இஷ்டம். பாப்பாகிட்ட நீயே சொல்லிக்க" என்றார்.

சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ சமைக்கிறதுக்கு நான் ஏன் ஸ்கூல் மாறணும்?"

உள்ளூர் டீச்சர் நன்றாகச் சொல்லித் தருவார், வேனில் இடிபட வேண்டாம், வீட்டுக்குப் பக்கம் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் அது இல்லை. அந்த வாரமே டிசி வாங்கிவிட்டேன்.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவச் சான்று. ரத்தம் எடுத்தார்கள், நகத்தைப் பார்த்தார்கள். மலப் பரிசோதனைக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள். டவுன் பஸ்ஸில் அந்த டப்பாவைப் பைக்குள் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு அக்கா சொன்னார்: "பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா, பையில என்ன பலகாரமான்னு கேக்குது. என்னத்தச் சொல்ல?" இறங்குகிற வரைக்கும் அடக்க மாட்டாமல் சிரித்தோம்.

முதல் நாள் ரவை உப்புமாவும் சாம்பாரும். விடியுமுன் போய் அடுப்பைப் பற்றவைத்தோம். வளையலைக் கழற்றிவிட்டு, தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டோம். பிள்ளைகளுக்குப் போடும் முன் தலைமையாசிரியை சாப்பிட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சாம்பார் எங்க வூட்டு சாம்பாரவிட நல்லாருக்கும்மா" என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்குள் சிக்னல் கிடைக்காது. குடிநீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்று அன்றைய சாப்பாட்டின் போட்டோவை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

முன் வராண்டாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என் மகள் தட்டை வாங்கவே இல்லை. மறுநாளும் இல்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. மதியம் சத்துணவு ஆயா போடும் சோற்றை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

"வற்புறுத்தாதம்மா. பசிச்சா தன்னால திங்கும்" என்றார் தலைமையாசிரியை.

என் மேல் உள்ள கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாம்பார் வாளியோடு வராண்டாவுக்கு வந்தபோது ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. அவளுடைய பழைய பள்ளி வேன். சரியாகப் பந்தி நடக்கிற நேரத்துக்கு அது எங்கள் கேட்டைக் கடந்து போகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. என் மகள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வேன் போய் வெகுநேரம் கழித்தே திரும்பினாள். தரையில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடுவதை அந்தச் சிநேகிதிகள் பார்த்துவிடக் கூடாது என்று பத்து நாளுக்கு மேலாகப் பட்டினி கிடந்திருக்கிறாள்.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன்.  அவர் எழுந்து வராண்டாவை எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி வெயில் மூஞ்சியில அடிக்குதுல்ல? நாளைலேருந்து பின்பக்க வராண்டாவுல உக்கார வெச்சிருவோம். யாருகிட்டயும் காரணம் சொல்ல வேணாம்."

மறுநாள் வெண்பொங்கல். என் மகள் தட்டை நீட்டினாள். ஒரு கரண்டி வைத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டு, "மொளகு ஜாஸ்தி" என்றாள். அன்று சாயங்காலம் வீட்டில் அவளிடம், "உன்னைய ஒரு வார்த்த கேக்காம மாத்திட்டேன். அது தப்புதான்" என்றேன். "ம்" என்றாள். 

அதற்குப் பிறகான நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடும். முந்திரி சீசனில் பழம் பொறுக்கிவிட்டு நேராக வரும் பிள்ளைகளின் சட்டையெல்லாம் கறையாக இருக்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு "இன்னைக்கு என்னாக்கா?" என்று கத்துவார்கள். கிச்சடியில் கேரட்டை மட்டும் பொறுக்கித் தின்னும் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் பருப்பு அடிபிடித்துத் தலைமையாசிரியை வேண்டாம் என்று சொல்லிவிட, நாங்கள் மறுபடி சாம்பார் வைக்கிற வரைக்கும் பிள்ளைகள் தட்டில் தாளம் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நானும் அக்காவும் படியில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்து டீ குடிப்போம். பேச்செல்லாம் நாளைக்கு என்ன காய் என்பதாகத்தான் இருக்கும். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் டீ குடித்ததில்லை.

ஒரு மழைநாளில் பின் வராண்டா ஒழுகியதால் பந்தி முன்பக்கம் வந்துவிட்டது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குத்தான் பக்கென்றது. என் மகள் இரண்டாவது கரண்டி கேசரிக்காகப் பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் ஐந்தாவது முடித்ததும் என் தகுதியும் முடிந்தது. "விதி அப்படி இருக்கும்மா. எனக்குந்தான் மனசு கேக்கல" என்றார் தலைமையாசிரியை. குழுப் பெண்கள், "இன்னொண்ணு பெத்துக்க, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று கேலி செய்தார்கள். அக்காவின் மகனுக்கு இன்னும் இரண்டு வகுப்பு பாக்கி இருந்ததால் அவர் தொடர்ந்தார். என் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு ஒரு வாரம் கூட இருந்து பழக்கினேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வீட்டில் தங்கிவிட்ட பெரிய கரண்டி ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சமையலறைக் கதவில், வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். வாசலிலேயே நின்றுகொண்டேன். அக்கா தொப்பியோடு வெளியே வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "உள்ள வான்னு சொல்ல முடியலையேடி" என்றார். தாளிக்கிற வாசனை வந்தது. கடுகு கொஞ்சம் தீய்ந்திருந்தது. கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன்.

மகள் இப்போது ஜெயங்கொண்டத்தில் அரசுப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, "அந்த இங்கிலீஷ் ஸ்கூல விட்டு எடுத்ததுல இன்னும் எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. அங்க ஆகஸ்ட் பதினஞ்சுக்கு என்னைய டான்ஸ்ல சேத்திருந்தாங்க. ஆடாமயே வந்துட்டேன்."

இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. எனக்குக் கை நின்றுவிட்டது.

"இப்ப ஆடிக் காட்டேன்" என்றேன்.

"போம்மா, ஸ்டெப்பெல்லாம் மறந்துபோச்சு. சீக்கிரம் பின்னு, பஸ்ஸு வந்துரும்."