ரங்கம்மாள் சொன்ன பேய்கள்

தொண்ணூத்தாறாம் வருசம் சோமனூரில் இந்தி தெரிந்த ஒரே ஆள் ரங்கம்மாள்தான் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவர் வீட்டுக்காரர் நரசிம்மலு தறி பிட்டர். பழைய தறிகளைக் கழற்றி லாரி ஏற்றி அனுப்புகிற வேலைக்காகப் பம்பாய்ப் பக்கம் பீவண்டிக்குப் போனவர் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வருசம் அங்கே குடியிருந்தார். திரும்பி வந்ததிலிருந்து, வடக்கத்தி லாரிக்காரன் வழி கேட்டாலும் சரி, கம்பளி விற்கிறவன் தெருவுக்குள் வந்தாலும் சரி, "இந்தி ரங்கம்மாவக் கூப்புடுங்க" என்பதுதான் ஊர்ப்பேச்சு. அந்தம்மாவும் கையை ஆட்டி, தலையை ஆட்டி, எப்படியோ ஆளை அனுப்பி வைத்துவிடுவார்.

மற்றபடி அவருக்கு வேறு பவுசு கிடையாது. திருமலைசாமிக் கவுண்டரின் தறிக்குடோனில் தார் போடுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற கட்டையில் நூல் சுற்றித் தர வேண்டும். நாளெல்லாம் பஞ்சுத் தூசிதான். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும்.

என் பேக்கரி அந்தக் குடோனுக்கு நேர் எதிரில். ஒரு கலர் டிவி வாங்கிப் பலகை அடித்து மேலே வைத்தேன். டிவி பார்க்க உட்கார்கிறவன் ஒரு டீயோடு எழுந்து போகமாட்டான், அதுதான் கணக்கு. கேபிளில் வந்த ஏதோ ஒரு இந்திச் சேனலில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தொடர் ஓடியது. ஒரு ஆபீசர் டார்ச்சும் டேப் ரெக்கார்டரும் எடுத்துக்கொண்டு, பேய் நடமாட்டம் என்று சொல்கிற இடத்துக்கெல்லாம் போய் விசாரிப்பார். தொடரின் பேர் இந்தியில் எழுதியிருக்கும், யார் படிக்கிறது. நாங்கள் வைத்த பேர் 'டார்ச் ஆபீசர்'.

டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரங்கம்மாள் தமிழில் சொல்வார். அந்த ஆபீசர் நாலு நிமிசம் பேசினால் இவர் ஒரு வரியில் முடிப்பார். அவர் "ம்" என்று மட்டும் சொன்னால் இவர் விளம்பரம் வருகிறவரை சொல்வார். இந்தி அப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

வியாழன் தவிர மற்ற நாளெல்லாம் சண்டைதான். இதுவரை வந்ததில் எது நம்பர் ஒன்?

கவுண்டருக்கு மில் கதை. பூட்டிக் கிடக்கிற பஞ்சாலையில் மெசின் தானாக ஓடும். அங்கே இருப்பது செத்துப்போன ஒரு ஜாப்பர், மெசின்களைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி, என்றார் ரங்கம்மாள். மெசின் துருப்பிடிக்கிறதைப் பார்க்கச் சகிக்காமல் வந்து, எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவாராம். அன்றைக்குக் கவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் புகை என்றார். என் கடையில் கேஸ் அடுப்பு.

நரசிம்மலுவுக்குக் கிணற்றுக் கதை. கிணற்றோரம் வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி நடப்பாள். மாமியார் தள்ளிவிட்டுச் செத்தவள், ஆனால் பழிவாங்க வரவில்லை. தான் வளர்த்த எருமைக்கு யாராவது தண்ணி காட்டினார்களா என்று பார்க்க வருகிறாள். கடைசியில் போலீஸ் ஒரு மீசைக்காரனைப் பிடித்துப் போகும். அவன் யாரென்று கேட்டதற்கு, "எருமையக் களவாண்டவனுங்க. அவளே காட்டிக்குடுத்துட்டா" என்றார் ரங்கம்மாள்.

"எருமைக்கு அழுகறதெல்லாம் ஒரு பேயா?" என்பார் கவுண்டர். "மில்லுப் பேயப் பாருங்க, தொழில் தெரிஞ்ச பேயி."

"உங்களுக்கென்னங்க மொதலாளி, சம்பளமில்லாம நைட் ஷிப்டு பாக்கற ஆளுன்னா பேயா இருந்தாலும் புடிக்கும்" என்பார் நரசிம்மலு.

"பிட்டரே, நாளைக்கு நம்ம குடோனுக்குத்தான வாரீங்க. அங்க பேசிக்கலாம்."

ரங்கம்மாளோடு தார் போடுகிற பக்ருன்னிசா என்கிற பெண்ணும் வருவாள். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. பன்னைக் கடித்துக்கொண்டே, "எனக்கும் கெணறுதானுங்க. அந்த மாதிரி எருமை எங்கயும் கெடைக்காது" என்பாள்.

அடுத்த வருசம் ஒரு தமிழ்ச் சேனலில் விளம்பரம் போட்டான். அதே ஆபீசர், அதே டார்ச், வாயில் தமிழ். வரும் வியாழனன்று, முதல் கதையே கிணறு. கடையில் ஒரே குசி. "இனி அவுங்கவுங்க காதுல கேட்டு முடிவு பண்ணிக்கலாம். இந்தி ரங்கம்மாவுக்கும் ஓய்வு" என்றார் கவுண்டர்.

மறுநாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ரங்கம்மாள் வந்தார். டீ வேண்டாம் என்றார்.

"தம்பி, வியாழக்கெழம டிவி ரிப்பேருன்னு சொல்லிப்போடுங்க."

"ஏனுங்க்கா?"

கண்ணாடிப் பெட்டியை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இந்தியில வெங்காயம், தக்காளி, எவ்வளவு, இது மூணுந்தானுங்க தெரியும். அங்க ஊட்ட உட்டு வெளிய போயிருந்தாத்தான தெரியறதுக்கு."

எனக்குச் சட்டென்று ஓடவில்லை. "அப்ப எருமை?"

"ஓரமாக் கட்டியிருந்துச்சே தம்பி. அத வெச்சு நானாச் சொன்னதுங்க."

"பிட்டருக்குத் தெரியுமுங்களா?"

"அவருதான் ஊரெல்லாம் பெருமை பேசுனவரு." கண்ணாடியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "இந்தி ரங்கம்மான்னு கூப்புட்டுட்டு இருக்கறாங்க தம்பி. அது போச்சுன்னா அப்பறம் வெறும் தார்க்காரிதானுங்க" என்றார்.

வியாழக்கிழமைக்குத் தேங்காய் பன் இரண்டு பங்கு போடச் சொல்லி மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது. "டிவி ஓடுமுங்க" என்றேன்.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் பின்னால் நின்றார்.

கதை தமிழில் ஓடியது. வெள்ளைச் சேலைக்காரி செத்தவளே இல்லை. மீசைக்காரன் கிணற்றுக்குள் சாராயக் கேன் பதுக்கி வைத்திருக்கிறான், ஆள் வராமலிருக்க இவளைச் சேலை கட்டி நடக்கவிட்டிருக்கிறான். கடைசியில் ஆபீசர் கேமராவைப் பார்த்துப் பேயே கிடையாது, எல்லாம் மனசில் இருக்கிற பயம் என்று பாடம் நடத்தினார். எருமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓரத்தில் அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

நரசிம்மலு திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, எருமை என்னாச்சு?"

ரங்கம்மாள் முன்னால் வந்தார். "எருமை மட்டுந்தான் நெசம் மாமா. மத்ததெல்லாம் நாஞ் சொன்னது." பிறகு எல்லாரையும் பார்த்து, "எனக்கு இந்தி தெரியாதுங்க" என்றார்.

பக்ருன்னிசா சிரித்துவிட்டாள். "எனக்கு மொத வாரமே தெரியுமுங்க்கா. எங்கூட்டுல பேசற உருதும் அந்தப் பேச்சும் முக்காவாசி ஒண்ணுதான்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லுல?" என்று சீறினார் கவுண்டர்.

"சொன்னா அக்கா நிறுத்திருவாங்க. அப்பறம் இதத்தான பாத்துட்டு இருக்கோணும்" என்று டிவியைக் காட்டினாள்.

கவுண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. டிவியில் அடுத்த வாரத்துக் கதையைக் காட்டினார்கள். பூட்டின மில்.

"ஏனுங் ரங்கம்மா, அப்ப அந்த ஜாப்பரு?"

"இல்லீங் மொதலாளி."

"எண்ணெ டப்பா?"

"கையில டப்பா மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க."

வைத்த டீயைக் குடிக்காமல் கவுண்டர் எழுந்து போனார். அந்த வாரம் முழுக்க ரங்கம்மாள் குனிந்த தலை நிமிராமல் குடோனுக்குள் போனார், வந்தார். கம்பளிக்காரன் ஒருத்தன் தெருவில் வந்தபோது அவரை யாரும் கூப்பிடவில்லை. நரசிம்மலு மட்டும் என் கடைக்கு வந்து, "அங்க ஒரு வருசம் பக்கத்துல படுத்திருந்தவன் நானே நம்பிட்டேனுங்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கோபமா பெருமையா, பிடிபடவில்லை.

வியாழக்கிழமை கவுண்டர் எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்து ஆபீசர் மில் கேட்டைத் திறந்தார். கவுண்டர் எழுந்துபோய் டிவியின் சத்தத்தை ஒட்டக் குறைத்துவிட்டார்.

"ஏனுங்க, ஒண்ணுமே கேக்குலீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேக்கோணுங்கறவங்க ஊட்டுல போயிப் பாருங்க." அப்புறம் ரொட்டி அடுக்குப் பக்கம் திரும்பி, "ரங்கம்மா, இக்கட்டால, டிவிகிட்ட வாங்க" என்றார்.

"இப்பத் தமிழ்லதான பேசறாங்க மொதலாளி."

"இவனுக பேசற தமிழு எனக்குப் புரியறதில்லீங்க. நீங்க சொல்லுங்க."

ரங்கம்மாள் முந்தானையால் புருவத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மெசின் ஓட ஆரம்பித்ததும் அவரும் ஆரம்பித்தார். ஜாப்பர் வந்துவிட்டார், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார், எண்ணெய் டப்பாவைத் தேடுகிறார்.

கவுண்டர் கையைத் தூக்கினார். "இருங்க. போன தடவ காலு நல்லாத்தான இருந்துச்சு?"

"வருசம் ஒண்ணாச்சுங்களே மொதலாளி. அவருக்கும் வயசாகுமுங்கல்ல?"

கவுண்டர் தூக்கின கையை இறக்கினார். "ஆகுந்தான்" என்றார். "செரி, மேல சொல்லுங்க. டப்பா கெடச்சுதுங்களா?"