முழங்கால் இடித்த விமானம்

அவள் எடை ஐம்பத்தெட்டு கிலோ. சூரிய ஒளியில் பறக்கும் அந்த ஒற்றையாள் விமானத்தை அவள் தன் எடைக்கும் கால் நீளத்துக்கும் அளந்துதான் வரைந்தாள். பயணிகள் விமானம் ஓட்டிய வேலையை விட்டுவிட்டு, தம்பியோடு சேர்ந்து ஏழு வருடம் அதைக் கட்டினாள். எடை ஏறிவிடக் கூடாதென்று இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிக்கொண்டாள்.

முதல் பறப்புக்கு முந்தின நாள் இருக்கையில் உட்கார்ந்தாள். முழங்கால் எதிரே இருந்த கருவிப் பலகையில் இடித்தது. பெடல்களை யாரோ இருக்கைப் பக்கமாக நகர்த்தியிருந்தார்கள். அவளைவிடக் குள்ளமான ஒருவருக்காக.

"யாருடா ஓட்டப் போறது?"

தம்பி துடைத்த இறக்கையையே மறுபடி துடைத்தான். "வேற ஒரு பொண்ணு, அக்கா. நாப்பத்தஞ்சு கிலோதான். மிச்ச எடைக்கு இன்னொரு பேட்டரி வைக்கலாம்ல?"

"என்னைக் கழட்டிட்டு பேட்டரிய மாட்டிட்ட."

"கோவிச்சுக்காதக்கா. இந்தக் கணக்கே நீ போட்டதுதானே?"

"கணக்கு சரிதான்டா. எங்கிட்ட ஏன் சொல்லல?"

பட்டறையில் கூட வேலை பார்த்த அத்தனை பேரும் தலை குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நாளைக் காலை விமானம் கிளம்பும். நீண்ட இறக்கை தரையில் உரசாமல், அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை அவளுக்குப் போட்டிருக்கிறார்கள்.