செல்வி சொன்ன மூன்று ‘இல்லீங்க’

நர்ஸ் பயிற்சியின் முதல் வருடத்திலேயே மூன்று சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். பாலியூரியா, பாலிடிப்சியா, பாலிபேஜியா. ‘பாலி’ என்றால் மிகுதி. அடிக்கடி சிறுநீர் கழிப்பது, தீராத தாகம், அடங்காத பசி. மூன்றும் சேர்ந்திருந்தால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

எண்பதுகளின் நடுவில் அரூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். டாக்டரின் மேசை, அதையொட்டி நோயாளிக்கு ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னாலேயே காத்திருப்பவர்களின் வரிசை. மறைப்பு எதுவும் கிடையாது. டாக்டர் பெங்களூரில் வளர்ந்தவர், தமிழ் சரியாக வராது. அவர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சத்தமாகக் கேட்பேன்.

கோடையில் ஒரு சந்தை நாளன்று செல்வி வந்தாள். பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. கூட வந்த அவள் அம்மா, “ஒடம்பு எளைச்சுக்கிட்டே போவுதுங்க நர்சம்மா” என்றார்.

டாக்டர், “பாலியூரியா?” என்றார்.

“அடிக்கடி ஒண்ணுக்குப் போறியாம்மா?”

செல்வி வரிசையில் நின்ற ஆண்களைப் பார்த்தாள். “இல்லீங்க.”

“தண்ணி நெறைய குடிக்கிறியா?”

“இல்லீங்க.”

“சோறு? வழக்கத்தைவிட அதிகமா சாப்பிடறியா?”

வரிசையில் ஒருவர், “இந்தப் புள்ளயா? காத்தடிச்சா காரிமங்கலத்துல போயி வுழுவும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இல்லீங்க.” குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டார். டாக்டர் சத்து டானிக் எழுதினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறு வாரம் அவளை வாடகைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நாக்கு வறண்டிருந்தது. மூச்சு வாங்கியது, மூச்சில் அழுகிய பழ வாடை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்கினேன். நீலம் செங்கல் நிறமாக மாறியது; சிறுநீரில் அவ்வளவு சர்க்கரை. டாக்டர் உடனே சலைனும் இன்சுலினும் ஆரம்பித்தார். பிழைப்பாளா என்று அவருக்கே நிச்சயமில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், “அன்னைக்கே ஏம்மா சொல்லலை?” என்று கோபமாகவே கேட்டேன்.

“எப்பிடிங்க சொல்றது? நீங்க கேட்ட மூணுந்தான் மாமியா வூட்டுல அவமேல சொன்ன குத்தம். ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போறா, எவனப் பாக்கப் போறான்னாங்க. கெணறு வத்திக் கெடக்குது, கொடத்துத் தண்ணிய இவ ஒருத்தியே காலி பண்றான்னாங்க. சோத்துப் பானையில திருடித் திங்கறான்னு ஊரெல்லாம் சொல்லி, கொண்டாந்து எங்க வூட்டுல வுட்டுட்டுப் போயிட்டாங்க. அதையே நீங்களும் அத்தன பேரு முன்னால கேட்டீங்க. எனக்கே வாய் வரலீங்க.”

நான் உள்ளே போய்ச் செல்வியின் சலைன் பாட்டிலை மாற்றினேன்.

இரண்டொரு நாளில் செல்வி தெளிந்து உட்கார்ந்தாள். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்து விளக்கினேன். உடம்பில் இன்சுலின் சுரக்காததால் சாப்பிட்டதெல்லாம் சர்க்கரையாக ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. அது சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் தாகம். தின்றது உடம்பில் சேராததால் பசி. இனி ஆயுசு முழுக்க தினமும் ஊசி போட வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “வியாதிதானுங்களா? வெறும் வியாதிதானுங்களா?”

செல்வி ஊசியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “அப்ப நான் திருடி இல்லீங்களா?” என்றாள்.

“இல்லம்மா” என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

மறுநாள் மேசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைக் கட்டினேன். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் கேட்கும் கேள்வியை, எதிரே உட்காரும் பெண்ணிடம் வீட்டில் ஏற்கெனவே வேறு விதமாகக் கேட்டிருப்பார்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். “இதெல்லாம் உன் தப்பு இல்லம்மா” என்று சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். செல்விக்குப் பிறகு நான் எப்போதும் அப்படித்தான் கேட்டேன். பல பெண்கள் நான் கேள்விக்கு வருவதற்கு முன்பே அழுதுவிடுவார்கள்.