பள்ளிக்கூடக் குடமும் நான் சொன்ன பொய்யும்

நான் படித்தது அஞ்சாம் வகுப்புவரைதான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், மறதியும் உண்டு. பள்ளிக்கூட மலருக்கு பழைய மாணவர்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். பேரன் அங்கே படிக்கிறான். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலில் ஒரு மண்குடமும் அலுமினிய டம்ளரும் இருக்கும். மேலத்தெருப் பிள்ளைகள் தாங்களே மோந்து குடிப்பார்கள். கீழத்தெருப் பிள்ளைகளான நாங்கள் குனிந்து இரண்டு கையையும் குவிப்போம். மேலத்தெருப் பெண்பிள்ளை ஒருத்தி உயரத்திலிருந்து ஊற்றுவாள். அவள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தால் ஆடி முடிக்கிறவரை தாகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. அ, ஆ தெரிவதற்கு முன்பே இது தெரிந்திருந்தது.

அந்த வருஷம் புதிதாக ஒரு தலைமையாசிரியை மாற்றலாகி வந்தார்; பெரிய டீச்சர் என்போம். நான் கை குவித்து நிற்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, நீயே எடுத்துக் குடித்தால் என்னம்மா என்று கேட்டார். நான் ஓடியே போய்விட்டேன். மறுநாள் எல்லா வகுப்பிலும் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருப் பெற்றோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று. என்னால்தான் கூட்டம் என்று எனக்குப் பட்டது. நாலு நாளும் சோறு இறங்கவில்லை.

அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தாள். விடியுமுன் கம்பெனி வண்டி ஊருக்குள் வரும். அதில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்பது மேலத்தெருக் கணக்கப்பிள்ளை கையில் இருந்தது. அவர் பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடம்தான். ஞாயிற்றுக்கிழமை தலை சீவிவிடும்போது அம்மா சொன்னாள்:

"ஏ புள்ள, அங்கன யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத. அவுக மொகம் கோணுச்சுன்னா வண்டியில எடமில்லன்னுருவாக."

சீப்பு மண்டையில் குத்தியது.

மேலத்தெருக்காரர்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். பெரிய டீச்சர் இரண்டு தடவை உள்ளே கூப்பிட்டார். இருக்கட்டும் டீச்சர், இங்கனயே காத்து நல்லா வருது என்றார்கள். காற்றே இல்லை அன்றைக்கு.

குடத்துப் பேச்சு வந்ததும் கணக்கப்பிள்ளை எழுந்தார். "நம்ம ஊருல அப்பிடி ஒரு வேத்துமையும் கெடையாது டீச்சர். வேணும்னா பிள்ளைகளையே கேளுங்க" என்றார்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அத்தனை பிள்ளைகளில் என்னை. வாசலில் அம்மா முகம் வெளுத்துப் போயிருந்தது. பேசாமல் நின்றாலும் ஆபத்து, உண்மையைச் சொன்னாலும் ஆபத்து என்று என் சிறுபுத்திக்குத் தோன்றியது.

"எல்லாரும் ஒரே டம்ளர்ல மோந்துதான் குடிக்கோம் டீச்சர்" என்றேன்.

கணக்கப்பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார். ரொம்ப சந்தோஷம், அப்படியென்றால் நீ ஒரு டம்ளர் குடித்துவிட்டு எனக்கும் கொண்டு வா என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. குடம்வரை பத்தடிகூட இருக்காது; மெதுவாக நடந்து போனேன். தண்ணீர் ஊற்றுகிற பிள்ளை குடத்துப் பக்கத்திலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். டம்ளரை உள்ளே விட்டேன். குடத்துக்குள் இருட்டாக இருந்தது, மணிக்கட்டுவரை குளிர்ந்தது. பாதியைக் குடித்தேன், மீதி சட்டையில் கொட்டியது. மறுபடி மோந்து டீச்சரிடம் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்தார். குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் மோந்து ஐயாவுக்குக் கொடு என்றார்.

"இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்றார் கணக்கப்பிள்ளை.

பின்பெஞ்சிலிருந்து மேலத்தெருக் கிழவி ஒருத்தி கேட்டாள்: "காப்பி குடிச்சா தண்ணி எறங்காதோ?"

சிலர் சிரித்தார்கள். நான் டம்ளரோடு அப்படியே நின்றேன்.

டீச்சர் அவரை வற்புறுத்தவில்லை. ஒரு நோட்டை விரித்து எழுதி, சத்தமாக வாசித்தார்: "இப்பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே டம்ளரில் தாங்களே மோந்து குடிக்கிறார்கள்." எல்லோரும் சொன்னதுதானே, கையெழுத்துப் போடுங்கள் என்றார். கணக்கப்பிள்ளை பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அப்போதுதான் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் மேசையண்டை போய் பெருவிரலை நீட்டினாள்.

மறுநாளிலிருந்து நாங்களே மோந்து குடித்தோம். யாரும் தடுக்கவில்லை. ஊற்றுகிற பிள்ளைக்கு வேலை இல்லாமல் போனது. அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையிலேயே, வண்டியில் இடமில்லை என்று அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீசன் முழுக்க அம்மா இரண்டு ஊர் தள்ளி வேறொரு கம்பெனிக்கு நடந்தே போய் வந்தாள். அடிப்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. ஒரே ஒருநாள், மோந்து குடிச்சியே, எப்படி இருந்துச்சு என்று கேட்டாள். சும்மா தண்ணிதான் என்றேன்.

என் பொய்யை நம்பித்தான் அம்மா கைநாட்டு வைத்தாள், என்னால்தான் வேலை போயிற்று என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதே பள்ளிக்கூடத்தில் கொஞ்சநாள் கை குவித்து நின்றவள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நோட்டு பள்ளிக்கூட பீரோவில் இருந்தால் யாராவது எடுத்துப் பாருங்கள். முதல் கைநாட்டு அம்மாவுடையது என்பது என் நினைவு. எல்லோரும் போட்ட பிறகு கடைசியாகத்தான் வைத்தாள் என்று அன்றைக்கு அம்மாவோடு வெளியே நின்ற என் அக்கா அடித்துச் சொல்கிறாள். நான் எழுதியது தப்பென்றால் திருத்தி அச்சடியுங்கள்.