பொட்டு வைத்த ஜெனரேட்டர்

என் வீட்டுக்காரருக்கு மின்சாரம் தெரியும், எண்ணெய் தெரியாது. வீடுகளுக்கு வயர் இழுப்பதுதான் அவருக்கு வேலை. சுவிட்சைத் தட்டினால் எரிகிறதா, எரியவில்லையா, அதோடு முடிந்தது அவர் கணக்கு. டீசலைக் குடித்துவிட்டுக் குலுங்குகிற ஒரு இரும்பு ஜந்துவோடு அவர் மல்லுக்கு நின்றது ஒரே ஒரு நாள்தான். அன்று முழுக்க நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. ஆனால் புரியாதபோது வைத்துக்கொள்ள ஆண்பிள்ளைகளிடம் ஒரு முகம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நின்றார்.

அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி வீடு புக்கிட் பாஞ்சாங்கில், பத்தாவது மைலைத் தாண்டி ஒரு கம்பத்துக்குள், கிராமம் மாதிரியான குடியிருப்புக்குள், இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் ஒரு கிணறு. கரண்ட் கிடையாது. அண்ணியின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். ரப்பர் ஆலையில் மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆளை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் சிராங்கூன் ரோட்டுக்காரர்கள். டவுனில் மண்டபம் பிடித்திருக்கிறோம், அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. பெற்ற அப்பா பார்க்காமல் தாலி ஏறாது என்று உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தமோ விடிவதற்கு முன்னால். அப்படியானால் கம்பத்தில் எதை வைத்து வெளிச்சம் போடுவீர்கள் என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாய்மாமன். பெட்ரோமாக்ஸ் என்ற வார்த்தையையே அவர் காதில் வாங்கவில்லை. எங்கேயோ ஒரு கல்யாணத்தில் பெட்ரோமாக்ஸ் சாய்ந்து அத்தாப்புப் பந்தல் பற்றிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். முழங்கைக்கு மேல் தழும்பு இருந்தது. அதைச் சட்டையைச் சுருட்டிக் காட்டிக் காட்டியே பேசினார்.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நாலு மணிக்கு மாமா வந்து பார்ப்பார். பந்தலில் கரண்ட் விளக்கு எரிந்தால் கல்யாணம் இங்கே. எரியாவிட்டால் டவுன் மண்டபத்தில். அதுவரைக்கும் மண்டபத்தை விடமாட்டார்.

"கரண்ட நான் கொண்டாறேன்" என்று இத்தனை பேர் நடுவில் சொன்னவர் என் வீட்டுக்காரர். கட்டிலில் கிடந்த அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

பந்தலை வீட்டை ஒட்டியே போட்டோம். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துப் பலகைச் சுவரை ரம்பத்தால் அறுத்து ஜன்னலைப் பெரிதாக்கினார் இவர். படுத்தபடியே மணவறை முழுதும் தெரிந்தது.

ஜெனரேட்டரை ஜாலான் புசாரில் பழைய இரும்பு விற்கிற ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், வாடகைக்குப் பிடித்தார். கடை வாசலிலேயே தவுக்கே கைப்பிடியைப் போட்டுச் சுற்றிக் காட்டினாராம். எடுத்த எடுப்பில் கிளம்பி, ஒரு கோப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்காமல் ஓடியதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, டாங்கியில் டீசலைக் கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி வைத்தார்.

எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் வாங்கினால்கூடப் பொட்டு வைக்காமல் வேலைக்கு எடுக்கமாட்டோம். இவ்வளவு பெரிய சாமானுக்கு விடுவேனா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். சக்கரத்தில் மூன்று, கைப்பிடியில் ஒன்று, டாங்கி வயிற்றில் பட்டை. டாங்கி மேலே பித்தளை மூடி பளபளவென்று நெற்றி மாதிரி இருந்தது. அதன் நட்டநடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு, அதன்மேல் குங்குமம். என் கல்யாணத்தில் எனக்குக்கூட யாரும் அவ்வளவு நேரம் செலவழித்து அலங்காரம் பண்ணவில்லை.

மறுநாள் காலையில் லோரி கொண்டுவந்த பாய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாகூர்ப் பக்கத்து மனிதர், எங்கள் தெருவிலேயே பல வருஷமாக லோரி ஓட்டுகிறவர்.

"தங்கச்சி, நாளைக்கு யாருக்குக் கல்யாணம்? பொண்ணுக்கா, இதுக்கா?"

"ரெண்டுக்கும்தான் பாய். இதுக்கு மாப்பிள நீங்க பாத்துருங்க."

பகல் ஒரு மணிக்குப் பலாமரத்தடியில் இறக்கினார்கள். இவர் வயர் எல்லாம் முதல் நாளே இழுத்து வைத்திருந்தார். கைப்பிடியைப் போட்டு மூச்சைப் பிடித்துச் சுற்றினார். கிளம்பியது. பந்தலில் இருபது பல்பும் பட்டப்பகலில் எரிந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். ஜன்னல் வழியாக அண்ணன் சிரித்ததைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம்தான். விக்கல் எடுத்த மாதிரி இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு நின்றது.

இவர் சுற்றினார். வரவில்லை. பாய் சுற்றினார். வரவில்லை. பல்பு அதிகம், இழுக்க முடியவில்லை என்று சொல்லிப் பாதி பல்பைக் கழற்றினார் இவர். எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். இருந்தது. மூடிவிட்டுச் சுற்றினார். உடனே கிளம்பியது. "பாத்தியா, லோடுதான்" என்று என்னிடம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டி முடிப்பதற்குள் நின்றது.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் பாய். மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார். மூடிவிட்டுச் சுற்றினார். கிளம்பியது. நல்லா அலசி விட்டேன், அதான் என்றார். நாலு நிமிஷம் அவர்தான் ராஜா. பிறகு அதுவும் நின்றது.

அண்ணி உப்பும் மிளகாயும் கொண்டுவந்தார். இத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தால் கண் படாமல் என்ன செய்யும் என்று மெஷினை மூன்று சுற்றுச் சுற்றினார். கை பட்டுப் பட்டு மூடியில் பொட்டு கலைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்ப வைக்கச் சொன்னார். நான் முன்னைவிடக் கெட்டியாக, முன்னைவிடப் பெரிதாக வைத்தேன். அதற்குள் இவர் தகரத்தில் மிச்சம் இருந்த டீசலையும் கொண்டுவந்து, மூடியைத் திறந்து விளிம்பு வரை ஊற்றிவிட்டுச் சுற்றினார். கிளம்பியது. அண்ணி கையைக் கூப்பினார். இந்தத் தடவை முன்பு ஓடிய நேரம்கூட ஓடவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. பொய் என்று யாரையும் சொல்ல முடியவில்லை. ஆளுக்கு நாலு நிமிஷம் எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். பல்பைக் கழற்றினால் ஓடியது, குச்சியை விட்டால் ஓடியது, மிளகாய் சுற்றினாலும் ஓடியது. நோய் ஒன்றா, மூன்றா?

தவுக்கே ஏமாற்றிவிட்டார் என்று இவர் பல்லைக் கடித்தார். லோரியில் ஏற்றிக்கொண்டு ஜாலான் புசார் போய் மாற்றி வரலாம் என்றார். போய் வருவதற்குள் மாமா வந்து நின்றுவிடுவாரே என்றார் பாய். மணி மூன்றரை ஆகியிருந்தது.

உள்ளேயிருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நின்னுருச்சா?"

"நிப்பாட்டி வச்சிருக்காங்கண்ணே. மெஷினுக்கும் பகல்ல கண்ணசர வேணாமா?"

"நீ எனக்குச் சிரிப்புக் காட்டாத." கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டவுனுக்குப் போறதுன்னா போகட்டும். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். போறதுக்கு முன்னாடி மட்டும், மால போட்டுக்கிட்டு இந்தக் கட்டிலுகிட்ட அவள ஒரு தடவ வந்து நிக்கச் சொல்லு. அத உங்க அண்ணிகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா அழுவா."

போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

மாமா சொன்ன நேரத்துக்கு வந்தார். சட்டைக் கை ஏற்கெனவே சுருட்டியிருந்தது. பந்தலையும் பார்த்தார், அணைந்து கிடந்த பல்புகளையும் பார்த்தார். இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று இவர் சொல்லிக்கொண்டே சுற்றினார். நெற்றி வியர்வை மெஷின் மேல் சொட்டியது. மூடியை இந்தத் தடவை யாரும் தொடவில்லை, மெஷினும் அசையவில்லை. "அஞ்சு நிமிஷம் உக்காருங்க மாமா, டீ குடிச்சிட்டு" என்று அண்ணி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, என்னை அடுப்படிக்கு விரட்டினார்.

அவசரத்தில் பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் குவளை மேல் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது, அதோடு நின்றது. உதறினேன். இன்னொரு சொட்டு. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் கட்டிப்பால் கயிறு மாதிரி இறங்கியது. தினமும் செய்கிற வேலைதான். தினமும் இரண்டு ஓட்டை போடுகிறவள்தான். அன்றைக்கு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் தடவை நின்ற பிறகு, ஒவ்வொரு தடவை அந்த மெஷின் கிளம்பியபோதும், அதற்குக் கொஞ்சம் முன்னால் யாராவது டாங்கி மூடியைத் திறந்திருந்தார்கள். திறந்தால் ஓடுகிறது. மூடினால் சாகிறது. அப்படியானால் ஜாலான் புசாரில் மூடியோடுதானே ஓடியது? அங்கே இல்லாதது இங்கே மூடியில் என்ன இருக்கிறது?

என் பொட்டு.

டின்னைக் கீழே வைத்தேன். நிச்சயமாகத் தெரியவில்லை. பால் டின்னும் மெஷினும் ஒன்றா? நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இதைப் போய் அத்தனை ஆண்கள் நடுவில் சொன்னால் சிரிப்பார்கள். ஒருவேளை நான் சொல்வது சரியாக இருந்துவிட்டால் சிரிக்கவும் மாட்டார்கள். கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவள் என்ற பேர் சாகிற வரைக்கும் எனக்கு நிற்கும்.

டீயை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமுமாக மெஷினிடம் போனேன். பொட்டு கோணலாக இருக்கிறது, அண்ணி, அதனால்தான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார். மூடியைத் துடைத்தேன். அப்பிய சந்தனத்துக்கு அடியில், சரியாக நட்டநடுவில், கடுகு போகிற அளவுக்கு ஒரு துளை. உள்ளேயும் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். ரொம்ப நேரம் மூச்சை அடக்கி வைத்திருந்தவன் விடுகிற மாதிரி 'புஸ்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. புதுப் பொட்டை டாங்கியின் பக்கவாட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"இப்ப சுத்துங்க."

"நீ போயி டீயப் போடு."

"அதெல்லாம் போட்டாச்சு. மாமா இருட்டுல குடிக்கிறாரு, பாருங்க. வெளிச்சத்துல குடிக்கட்டும்."

நாலரை மணி வெயிலில் நான் அப்படிச் சொன்னதைக் கேட்டு பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். இவர் கோபத்தில் சுற்றினார். ஏழெட்டுச் சுற்று வரைக்கும் ஒன்றும் இல்லை. பிறகு கிளம்பியது.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம் ஆனது. நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. பத்து நிமிஷம் ஆனது. கழற்றிய பல்புகளையெல்லாம் இவர் பயந்து பயந்து ஒவ்வொன்றாக மாட்டினார். மாமா இன்னொரு டீ கேட்டார். அதையும் குடித்து முடித்து, எழுந்து, ஒவ்வொரு பல்புக்கும் கீழே போய் நின்று பார்த்தார். கடைசியில் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"சரி லா. மண்டபத்துக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடுறேன்."

அந்த வெற்றி யாருடையது என்று அன்றைக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள். நான் மூன்று பேரிடமும் ஆமாம் ஆமாம் என்றேன். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான், மனது உறுத்தி, இவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. "மேல இருக்குற ஓட்டைக்கும் கீழ போற எண்ணெய்க்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டார். பால் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினேன். பால் கெட்டி, டீசல் தண்ணி, ரெண்டும் ஒண்ணா என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதற்குமேல் எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று இருட்டோடு மெஷினை எழுப்பினார்கள். ஒரே சுற்றில் எழுந்தது. இவர் பட்டு வேட்டியோடு அதன் பக்கத்திலேயே பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டும்போது நான் மணவறையைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்தேன். அண்ணன் கண்ணை ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை என்று நினைக்கிறேன். மேளச் சத்தம், மந்திரம், யார் என்ன பேசினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கம்பம் முழுக்க அந்த மெஷினின் கூச்சல்தான்.

விடிந்தது. வெயிலும் வந்தது. பந்தலில் இருபது பல்பும் எரிந்துகொண்டே இருந்தன. நிறுத்தினால் திரும்ப வராதோ என்று யாருக்கும் அதைத் தொடத் தைரியம் இல்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் கட்டிலருகே வந்து விழுந்து கும்பிட்டார்கள். புறப்படுகிற நேரம். பெண் குனிந்து அப்பாவிடம் என்னவோ சொன்னாள். "என்னம்மா?" என்றார். திரும்பச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் கையைத் தூக்கினார்.

"அத நிறுத்தச் சொல்லு. புள்ள பேசுறது கேக்கல."

நான் ஓடினேன். இவர் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "திரும்ப ஓடலேன்னா?" என்றார்.

"இனிமே எதுக்கு?"

யோசித்தார். அப்புறம்தான் பல்புகளையும் வானத்தையும் பார்த்தார். எண்ணெய்க் குழாயைத் திருகி அடைத்தார். கொஞ்ச நேரம் முனகிவிட்டு அது ஓய்ந்தது. முதலில் கோழிகள் கேட்டன. பிறகு கிணற்றடியில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"காலையில மாத்திரையக் கேட்டு வாங்கிக்குங்கப்பா. அம்மா மறந்துரும்."

"சரிம்மா" என்றார் அண்ணன்.