காதில் மாட்டினால் வரும் குரல்

வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே போனில் கேட்கும் வேலை அவளுக்கு. படுக்கையறை மூலையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினால் போதும், குரலில் தேன் ஒழுகும். எதிர்முனையில் எவனாவது வாய்க்கு வந்தபடி ஏசினாலும், “உங்க சிரமத்துக்கு வருந்தறோம் சார்” என்பாள். இரண்டரை வயது மகள் வாயில் விரலோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

“என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?” என்பான் கணவன்.

“ஒரு மெஷின உடைச்சுட்டு போன் பண்ணுங்க, பேசறேன்.”

அன்று வேலை முடிந்து ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். தரையெல்லாம் பால். நடுவில் காலி டம்ளரோடு மகள்.

“சனியனே! எத்தனை தடவ சொல்றது? என் உயிர வாங்கவே பொறந்தியா?”

மகள் அழவில்லை. பாலை மிதித்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள். ஒயர் தரையில் புரள, ஹெட்செட்டோடு திரும்பி வந்தாள். தரை துடைக்கக் குனிந்திருந்த அம்மாவின் தலையில் அதைக் கோணலாக மாட்டினாள்.

“இப்பத் திட்டும்மா” என்றாள்.

அம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்கவும் முகமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை.

“உங்க சிரமத்துக்கு வருந்தறோம்” என்றுதான் வந்தது, அதே தேன் குரலில்.

மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. சிரித்தாள்.